கத்தி பட்ட நெகட்டிவ்

என் பெண்ணின் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு வயதுப் படங்கள் எங்கள் வீட்டில் இல்லை. எடுக்காமல் இல்லை, வருஷம் தவறாமல் எடுத்தோம். நெகட்டிவ்கள்கூட ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அவற்றில் இருப்பது அவள் இல்லை. அதற்குக் காரணம் நான்தான். வேறு யார் தலையிலும் பழியைப் போட வழியில்லை.

கல்கத்தாவில் பவானிபூரில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ரயில்வே ஆபீஸில் வேலை. நான் கல்யாணத்துக்கு முன்னால் திருச்சியில் டிராயிங் பரீட்சை பாஸ் பண்ணியவள். அந்தப் படிப்பு அடுப்படியில் வீணாகிறதே என்று புலம்பிக்கொண்டிருந்தபோது, மெயின் ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருந்த வங்காளிப் பெரியவர் எனக்கு டச்சிங் வேலை கற்றுக் கொடுத்தார். ஊரெல்லாம் அவரைத் தாதா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடும்; நானும் அப்படித்தான். எடுத்த படத்தின் நெகட்டிவில் முகத்தையும் உடம்பையும் திருத்துவதுதான் டச்சிங். வீட்டிலிருந்தே செய்யலாம். கிழக்கு ஜன்னலோரம் ஒரு சாய்வு மேசை, நடுவில் ஒரு கண்ணாடித் துண்டு, அதன் அடியில் வெயிலை மேலே திருப்பிவிட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அவ்வளவுதான் என் தொழிற்சாலை. அந்தக் காலத்தில் கல்கத்தாவில் லோட் ஷெட்டிங் இல்லாத நாளே கிடையாது. ஊரே விசிறிக்காகத் தவித்தாலும் என் மேசைக்குச் சூரியன் போதும்.

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். கறுப்பு வெள்ளையாக வரும், வெள்ளை கறுப்பாக வரும். ஆகவே ஊசிபோல் சீவிய பென்சிலால் முகத்தில் மெல்லப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனால், அச்சில் முகம் வெளுத்துவிடும். கத்தியால் சுரண்டினால் அந்த இடம் அச்சில் கறுத்துவிடும். தாதாவின் ஸ்டூடியோத் திரை கறுப்பு. இடுப்போரத்தைச் சுரண்டினால் அந்தச் சதை திரையோடு திரையாகக் கலந்துபோகும். பார்ப்பவர்களுக்குக் கொடியிடை. பென்சில் நிறத்துக்கு, கத்தி பருமனுக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

வருகிற படங்களில் முக்கால்வாசி கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்களுடையவை. அம்மைத் தழும்பு போகவேண்டும், மூக்கு கொஞ்சம் எடுப்பாக வேண்டும், கன்னம் ஒட்டியிருந்தால் நிரம்ப வேண்டும், நிரம்பியிருந்தால் ஒட்ட வேண்டும். தாதா ஒரு சீட்டில் குறித்துக் கொடுப்பார். நான் சாயங்காலத்துக்குள் புது அவதாரம் எடுக்க வைத்துவிடுவேன். எனக்கு அதில் கர்வம் உண்டு. என் கை பட்ட முகம் கரையேறாமல் இருக்காது என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொள்வேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "கரையேறின பிறகு மாப்பிள்ளை என்ன சொன்னானாம்?" என்று கேட்பார். நான் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஒருநாள் ஒரு பாஸ்போர்ட் படம் வந்தது. நாற்பது வயது வங்காளிப் பெண்மணி. புருவத்தின் மேல் குறுக்கே ஒரு பழைய வெட்டுத் தழும்பு. சீட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நானே பெரிய மனசு பண்ணித் தழும்பை அழித்துவிட்டேன். மறுநாள் அவர் ஸ்டூடியோவுக்கே வந்து நின்றார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"என் தழும்பு எங்கே? அது இல்லாமல் என்னை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்" என்றார் வங்காளியில்.

அழித்தது நான்தான் என்று தெரிந்ததும் கோபிக்கவில்லை. என் விரல்களைப் பார்த்தார். படம் வரையத் தெரியுமா என்று கேட்டார். அவர் மனநல டாக்டர். பக்கத்துச் சந்தில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை தோறும் பத்துப் பன்னிரண்டு பெண் பிள்ளைகளைப் பார்க்கிறாராம். பதின்மூன்றிலிருந்து பதினாறு வயது. தங்கள் உடம்பே தங்களுக்கு ஆகாமல் போனவர்கள். சிலர் சாப்பிடுவதை விட்டிருந்தார்கள், சிலர் பள்ளிக்கூடத்தை. பேசச் சொன்னால் பேசுவதில்லை, அதனால் வரையச் சொல்லலாம் என்று யோசிக்கிறேன், துணைக்கு வருகிறீர்களா என்றார். சிரிப்பும் கோபமும் இல்லாத குரல். டாக்டர்தி என்று பிள்ளைகள் கூப்பிடுவார்கள். அங்கே தி என்றால் அக்கா.

போனேன். எனக்கு இரக்கம் பொங்கி வழிந்தது என்றெல்லாம் இல்லை. வாரத்தில் ஒரு மத்தியானம் வீட்டைவிட்டு வெளியே போகக் கிடைக்கிறதே என்றுதான் போனேன்.

பத்திரிகை அச்சகத்தில் சுருள் தீரும்போது மிஞ்சுகிற காகிதத்தை டாக்டர்தி வாங்கி வைத்திருந்தார். அதை ஆளுயரத்துக்கு வெட்டித் தரையில் விரிப்போம். முதலில் ஒவ்வொரு பெண்ணும் தன் உடம்பின் வெளிக்கோட்டை நினைவிலிருந்து வரைய வேண்டும். பிறகு இன்னொரு காகிதத்தில் அவளைப் படுக்க வைத்து உடம்பைச் சுற்றிப் பென்சிலை ஓட்டுவோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சுவரில் ஒட்டினால், இரண்டும் ஒரே ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

குச்சிபோல் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். மணிக்கட்டு என் இரண்டு விரல் மொத்தம்தான். அவள் நினைவிலிருந்து வரைந்த உருவம் காகிதத்தில் அடங்காமல் தரைக்குப் போயிற்று. பூசணிக்காய்க்குக் கை கால் முளைத்த மாதிரி. பிறகு நான் அவளைச் சுற்றி வரைந்து காட்டினேன். சுவரில் பார்த்தவள் உதட்டைச் சுழித்தாள்.

"மாஷிமா, இது பொய். நீங்க போட்டோவில் ஆளை இளைக்க வைக்கிறவங்கதானே. கோட்டை உள்ளே தள்ளிப் போட்டுட்டீங்க."

மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா மாதிரி. அந்த ஊர்ப் பிள்ளைகள் எங்களைப் போன்றவர்களை அப்படித்தான் கூப்பிடும். எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. சத்தியமாக நான் ஒரு நூல்கூட உள்ளே தள்ளவில்லை. என் வாய் கொஞ்சம் நீளம். இவ்வளவு இளைச்ச உடம்பை இன்னும் இளைக்க வைக்க எனக்கென்ன பைத்தியமா என்று கேட்டேவிட்டேன். அந்தப் பெண் அன்று மீதி நேரம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளைகள் போனபின் டாக்டர்தி சொன்னார்: "இனிமேல் நீங்கள் பென்சிலைத் தொட வேண்டாம். அவர்களே ஒருவருக்கொருவர் வரையட்டும். உங்கள் கையை அவர்கள் நம்ப மாட்டார்கள்."

எனக்கு ரோஷம் வந்தது. ஆனாலும் மறுவாரம் போனேன். அப்போதுதான் அவர் அந்த இரண்டாவது வேலையைத் தொடங்கினார். கோட்டுக்குள்ளே வண்ணம் தீட்ட வேண்டும். நீ அழகு, நீ அழகு என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த வாரம் இந்தக் கை என்ன செய்தது, இந்தக் கால் எங்கே போனது, அதை அந்த இடத்தில் வரை என்பார். மோட்டார் ஓடாமல் இரண்டு மாடி வாளி தூக்கிய கை. மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற கால். தம்பியை இடுக்கிக்கொண்ட இடுப்பு. குச்சிப் பெண் நாலு வாரம் ஒன்றும் வரையவில்லை. ஐந்தாம் வாரம் தன் தோளில் ஒரு பூனைக்குட்டியை வரைந்தாள். மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்திலிருந்து அவள் தூக்கிவந்த குட்டியாம். பால் வைத்தாயா என்று மட்டும் டாக்டர்தி கேட்டார். அன்று வீட்டுக்கு வந்து நான் அதை ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேட்டுக்கொண்டிருந்தது என் பெண். எங்களுக்கு ஒரே பெண், கல்கத்தாவிலேயே பிறந்தவள். வங்காளி தண்ணீராய் ஓடும், தமிழ் தடுக்கி விழுந்து வரும். அப்பாவின் கறுப்பு. தோளும் கையும் அப்பா வழிப் பாட்டியின் வாகு, எடுத்தால் வாளி, ஓங்கினால் பந்து. தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரிப்பாள்.

"நானும் சனிக்கிழம வரட்டுமாம்மா?"

"அது கஷ்டம் இருக்குற பொண்ணுங்களுக்குடி. உனக்கு என்ன கேடு?"

"அப்ப இன்னொரு தோச போடு."

"மூணு போதும். எந்திரி."

அந்த மூணு போதும் என் வாயில் எப்போதிலிருந்து வந்தது என்று தெரியாது. அவருக்கு ஐந்து, எனக்கு நாலு, வளர்கிற பெண்ணுக்கு மூன்று. பயத்தம் மாவில் பால் விட்டுக் குழைத்து ஞாயிற்றுக்கிழமை முகத்தில் அப்புவேன். கையில்லாத கவுன் தைத்ததில்லை. கறுப்பு, கத்திரிப்பூ நிறத்துணி வாங்கியதில்லை. ஊருக்கு உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்று எனக்காகவே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இப்போது அந்தப் படங்கள். நவராத்திரிப் பூஜை சமயத்தில் அந்த ஊரில் குழந்தைகளுக்குப் புதுத்துணி எடுப்பார்கள். எங்கள் பெண்ணும் கேட்பாள், எடுப்போம். அதைப் போட்டுக்கொண்டு தாதாவின் ஸ்டூடியோவில் நின்றால், படம் தீபாவளிக்குள் திருச்சிக்கு நாத்தனார் கைக்குப் போய்ச் சேரும். வருஷத்துக்கு ஒரு படம். தூரதேசத்தில் இருப்பவர்கள் நன்றாக இருக்கிறோம் என்று காட்ட வேறென்ன வழி. அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது எடுத்த படத்தின் நெகட்டிவும் மற்றவற்றோடு என் மேசைக்கு வந்தது. கையில் பென்சில் இருந்தது. கன்னத்தில் நாலு புள்ளி வைத்தேன். நன்றாக இருந்தது. நெற்றியில், மூக்கில், கழுத்தில். பிறகு கத்தியை எடுத்துப் புஜத்தை லேசாகச் சுரண்டினேன். ஒரு பக்கம் சுரண்டினால் மறுபக்கம் சும்மா விட முடியாது. இடுப்பும் அப்படியே. மறுவருஷம் முதல் வருஷப் படத்தோடு பொருந்த வேண்டுமே என்று இன்னும் கொஞ்சம். மூன்றாம் வருஷம் அவள் நிஜத்தில் வளர்ந்துவிட்டிருந்தாள், அதனால் கத்திக்கு வேலை அதிகம்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். அந்தக் காக்கை என்னைவிட எவ்வளவோ தேவலை. நான் குஞ்சுக்குப் பொன்முலாம் பூசியல்லவா அனுப்பினேன். அப்போது அது எனக்குப் பாசமாகத்தான் தெரிந்தது. வீட்டில் வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு பிரதி போட்டதில்லை. ஏன் போடவில்லை என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

அவளுடைய பதினாலு வயதில், மே மாதம், நாத்தனாரின் பெரிய பெண்ணுக்குக் கல்யாணம். ஆறு வருஷம் கழித்து ஊருக்குப் போகிறோம். ஹவுராவில் மெட்ராஸ் மெயிலில் ஏறியதிலிருந்து பெண் ஜன்னலைவிட்டு நகரவில்லை. கோதாவரிப் பாலத்தில் எங்களை எழுப்பிக் காட்டினாள். அத்தையிடம் பேச வேண்டிய தமிழையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். "சௌக்கியமா அத்தை, சரியாம்மா?" என்று என்னிடம் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்டாள்.

திருச்சியில் நாத்தனார் வீட்டு முன்னால் வாடகை வண்டியைவிட்டு இறங்கினோம். நாத்தனார் வாசலுக்கு ஓடி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார், தம்பியைப் பார்த்துக் கண் கலங்கினார். பக்கத்தில் நின்ற என் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி, வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எங்க, பொண்ணக் காணோம்? கூட்டியாரலையா?"

பெண் சொல்லிவைத்த வாக்கியத்தை ஆரம்பித்தாள். "சௌக்கியமா அத்..."

"அட, இவதானா?" என்றார் நாத்தனார். "போட்டோவுல வேற மாதிரில்ல இருந்தா? என்னடியம்மா இப்படிக் கறுத்துப் பெருத்துட்ட, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

நாத்தனார் கெட்டவர் இல்லை. கேட்டது நிஜமான கவலையில்தான். அவருக்கு என் பெண்ணைத் தெரியாது. நான் அனுப்பிய பெண்ணைத்தான் தெரியும். கூடத்துச் சுவரில் மூன்று படங்களையும் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருந்தார். அவர் மகனுக்கு முறைப்பெண் என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறார். கல்யாணத்துக்கு வந்த கூட்டம் படத்தைப் பார்ப்பதும், என் பெண்ணைப் பார்ப்பதும், மறுபடி படத்தைப் பார்ப்பதுமாக இருந்தது. அந்த மகன் ஒரு தடவை சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

சாயங்காலம் பெண் அந்தப் படங்களுக்கு முன்னால் நின்றாள். மூக்கு கண்ணாடியில் முட்டுகிற அளவுக்குப் போய்ப் பார்த்தாள். டச்சிங்காரியின் பெண்ணுக்குச் சொல்லித் தர வேண்டுமா. நான் பின்னால் போய் நின்றது அவளுக்குத் தெரியும், திரும்பவில்லை.

"நல்லாப் பண்ணியிருக்கம்மா" என்றாள். "கத்தி பட்ட எடமே தெரியல."

நாத்தனார் வீட்டில் இருந்த ஐந்து நாளும் அவள் சாமான் அறையில்தான் இருந்தாள். முகூர்த்தத்துக்குக்கூட வரவில்லை. வயிற்று வலி என்று நான் எல்லோரிடமும் பொய் சொன்னேன். திரும்பி வரும்போது மெயிலில் அவள் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. கோதாவரி வந்தது, போனது.

கல்கத்தா வந்ததும் பசிக்கவில்லை என்பாள். முதலில் கோபம் என்று நினைத்தேன், இரண்டு நாளில் தணியும் என்றிருந்தேன். மூன்று தோசை இரண்டாகி ஒன்றாகியது. பிறகு தட்டில் பிய்த்துப் போட்டதைச் சாப்பிட்டதாகக் காட்டுகிற வித்தையெல்லாம் வந்தது. முழுக்கை ரவிக்கை கேட்டாள். கல்கத்தா ஜூன் மாதத்தில் முழுக்கை. தெருவில் சிரிப்புச் சத்தம் நின்றது. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. பெண் மயங்கி விழுந்துவிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தால் பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். மணிக்கட்டு குச்சிப் பெண்ணுடையதைப் போல இருந்தது. இவளை இழந்துவிடுவேன் என்று முதல்முறையாக, பச்சையாகத் தோன்றியது அப்போதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளாகவே வந்து கேட்டாள்.

"நெகட்டிவ் எங்கம்மா? என்னோடது. மூணும்."

டப்பாவை எடுத்தேன். டர்பன்டைனில் பஞ்சை நனைத்து முகத்தின் மேல் மெல்லத் துடைத்தேன். பஞ்சில் கறுப்பு ஏறியது. மூன்று வருஷப் பென்சில். துடைக்கத் துடைக்க அவளுடைய முகம், அவள் அப்பாவின் முகம், அப்படியே திரும்பி வந்தது. அவள் நெகட்டிவை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது. பிறகு புஜத்தைக் காட்டினாள்.

"இதையும் தொடச்சு விடு."

"இது வராதுடி."

"ஏன்?"

"இது கத்தி. பென்சில் மேல வச்சது, தொடச்சா போயிடும். கத்தி இருந்ததை எடுத்துடுச்சு. எடுத்தது எடுத்ததுதான்."

அவள் மூன்றையும் வரிசையாக மேசையில் வைத்தாள். "அப்ப அந்த மூணு வருஷமும் நான் எங்கேயும் இல்லையா?" என்று வங்காளியில் கேட்டாள். சண்டையாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி கேட்டாள். மன்னிச்சுக்கோ என்று பெற்ற பெண்ணிடம் சொல்ல எங்கள் வீட்டில் பழக்கமில்லை. காப்பி கலக்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

மறுநாளே டாக்டர்தி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதேன். அவர் தண்ணீர் கொடுத்தார். இன்னொரு தடவை மயங்கினால் ஒரு மணிநேரம்கூடத் தாமதிக்காமல் கூட்டி வர வேண்டும் என்றார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

"அவளைச் சனிக்கிழமை இங்கே கூட்டி வருகிறேன். நீங்கள் சரிசெய்து கொடுங்கள்" என்றேன்.

"நான் என்ன டச்சிங்கா செய்கிறேன்?" என்றார். பிறகு, "ஒன்றரை வருஷமாக வருகிறீர்கள். ஒரு தடவையாவது அந்தக் காகிதத்தில் நீங்கள் படுத்ததுண்டா?" என்று கேட்டார்.

நான் எதற்குப் படுக்க வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் புருவத்து மேல் இருந்த தழும்பைப் பார்த்ததும் சும்மா இருந்துவிட்டேன். வரும்போது ஒரு சுருள் காகிதத்தைக் கையில் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் இல்லை. வீட்டுக்காரர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். கூடத்தில் காகிதத்தை விரித்து நாலு மூலையிலும் எவர்சில்வர் டம்ளரை வைத்தேன். பெண் கதவோரம் நின்று பார்த்தாள்.

"நான் படுக்க மாட்டேன்" என்றாள்.

"உன்ன யாரு படுக்கச் சொன்னா?" என்று சொல்லிவிட்டு நான் படுத்தேன். "வா. வரை."

வெகுநேரம் வரவில்லை. கூரையையும் நின்றுபோன விசிறியையும் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அப்புறம் பக்கத்தில் வந்து முட்டி போட்டாள். தலையிலிருந்து ஆரம்பித்தாள். பென்சில் காதோரம் கரகரவென்று போயிற்று. கழுத்து, தோள், கை, ஒவ்வொரு விரலும். அக்குளிலிருந்து கீழே இறங்கி இடுப்புக்கு வந்ததும் பென்சில் நின்றது.

"மூச்ச விடும்மா."

"விட்டுட்டுத்தாண்டி இருக்கேன்."

"இல்ல. வயித்த எக்கி வச்சிருக்க. விடு. நான் வெயிட் பண்றேன்."

எனக்கே தெரியாது. விடப் பார்த்தேன், வரவில்லை. பத்தொன்பது வயதில் பெண் பார்க்க வந்தபோது, காப்பித் தட்டோடு கூடத்துக்குப் போகுமுன் என் அம்மா காதில் சொன்னது நினைவுக்கு வந்தது. வயித்த எக்கிக்கோ, நிமிர்ந்து நட, பல்லைக் காட்டாதே. அன்றைக்கு எக்கியவள் இருபது வருஷம் கழித்து, சொந்த வீட்டில், பெற்ற பெண்ணுக்கு முன்னால் தரையில் படுத்துக்கொண்டும் எக்கிக்கொண்டிருக்கிறேன். அவமானமாக இருந்தது. அம்மாமேல் ஆத்திரமாகவும் வந்தது, பாவம், அவளை யார் எக்கச் சொன்னார்களோ. பெண் பென்சிலை ஊன்றிக்கொண்டு நிஜமாகவே காத்திருந்தாள். கடைசியில் விட்டேன். வயிறு பக்கவாட்டில் சரிந்தது. அவள் அதைச் சுற்றி, ஒரு நூல் உள்ளே தள்ளாமல், கோடு போட்டாள்.

எழுந்து பார்த்தேன். பெரிய உருவம்தான். நான் உள்ளே போகக் கிளம்பியபோது, இரு என்றாள். தன் வண்ணப் பெட்டியை எடுத்து வந்தாள். சனிக்கிழமைக் கதைகளையெல்லாம் தினம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டவளாயிற்றே. கால் இரண்டிலும் எங்கள் வீட்டு மாடிப்படிகளை வரைந்தாள். இடது கையில் தோசைத் திருப்பி. வயிற்றில் ஒன்றும் வரையவில்லை, அப்படியே விட்டாள். வலது கையில் வெகுநேரம் குனிந்து, நுணுக்கமாக, என் கத்தியை வரைந்தாள். கைப்பிடியில் சுற்றியிருந்த துணியைக்கூட விடவில்லை. பக்கத்தில் வேறெதுவும் எழுதவில்லை.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சரியாகத்தான் வரைந்திருந்தாள். அப்போதுதான் வாயில் வந்தது. "தப்புப் பண்ணிட்டேண்டி."

"தெரியும்" என்றாள். வண்ணக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "இத டச் பண்ணிடாத."

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அதுவும் டச்சிங்தான். இன்னொரு தடவை மயங்கினாள். இரண்டு வருஷம் டாக்டர்தியிடம் போனாள், நான் போகாத வேறொரு நாளில். அந்தப் பூஜைக்குப் படம் எடுக்க வரமாட்டேன் என்றுவிட்டாள். நாங்களும் கூப்பிடவில்லை. தாதாவிடம் இனிமேல் பென்சில் வேலை மட்டும் செய்கிறேன், கத்தியைத் தொட மாட்டேன் என்றேன். வயதாகிவிட்டதா, கை நடுங்குகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பென்சிலையும் விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

ஆனால் அவள் என்னை வரைந்த அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தோசைக்கல்லை வைத்து மூன்று பேருக்கும் வார்த்துக்கொண்டிருந்தேன். பெண் வந்து என் பக்கத்தில் நின்றாள். முழுக்கை ரவிக்கையை முழங்கை வரைக்கும் சுருட்டி விட்டிருந்தாள். தோசைத் திருப்பியை என் கையிலிருந்து வாங்கி, தனக்குத் தானே ஒன்று வார்த்துக்கொண்டாள். நின்றபடியே தின்றாள். மறுபடி மாவை எடுத்தாள். நான் நகர்ந்து ஜன்னல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அவள் எத்தனை தோசை தின்றாள் என்று எனக்குத் தெரியாது. எண்ணவில்லை.